இரண்டே ஸ்டாண்டில் ஸ்பீக்கரும் லைட்டும்

லேப்டாப் வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டு விசேஷத்திற்கு இதிலேயே டிஜே மாதிரி பாட்டுப் போடலாமா?" தாராளமாகப் போடலாம். மிக்ஸ் என்ற சாப்ட்வேர் (ஆங்கிலத்தில் பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் எழுத்துகள் இருக்கும்) இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாலை நேரம் செலவழித்தால் பழகிவிடலாம். சிரமம் எல்லாம் லேப்டாப்பிற்கு வெளியில்தான். ஸ்பீக்கரையும் லைட்டையும் எதன் மேல், எப்படி நிறுத்துவது?

நான் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் இன்ஜினியர். விடுமுறை நாட்களில் என் சித்தப்பா மகனுடன் சேர்ந்து சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். எங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர், நான்கு எல்.இ.டி. பார் லைட், ஒரு லேப்டாப். எல்லாம் ஒரு சிறிய காரில் அடங்க வேண்டும். மண்டபத்தில் மேடை ஓரத்தில் ஒதுக்கித் தரும் மூலையிலும் அடங்க வேண்டும். எனவே லைட்டுக்குத் தனி ஸ்டாண்ட் வைக்காமல், ஸ்பீக்கர் ஸ்டாண்டிலேயே குறுக்குக் கம்பி ஒன்றைப் பொருத்தி அதில் லைட்டுகளை மாட்டினோம். இரண்டே ஸ்டாண்டில் வேலை முடிந்தது என்று பெருமையாக இருந்தது.

ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் அந்தப் பெருமை போய்விட்டது. இடம் போதவில்லை என்று ஸ்டாண்டின் மூன்று கால்களையும் பாதி மடக்கி நிறுத்தியிருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து வயர் சரிவாகத் தரைக்கு இறங்கியது. பலூனைத் துரத்தி ஓடி வந்த ஒரு சிறு பெண்ணின் கால் அதில் மாட்டியது. ஸ்டாண்ட் அப்படியே அவள் பக்கம் சாய்ந்தது. பந்தியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. "பார்த்து வைங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வீட்டிற்கு வந்ததும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். (மெக்கானிக்ஸ் பாடத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தவன் நான். அதனால் பயப்படாமல் படியுங்கள்.) மூன்று கால் ஸ்டாண்ட் எப்போதும் ஒரு காலின் பக்கமாக விழாது. இரண்டு கால்களுக்கு நடுவில்தான் விழும். கால் நுனி, நடுக் கம்பியிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருந்தால், இரண்டு கால் நுனிகளை இணைக்கும் கோடு 30 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். சரியாகப் பாதி. ஸ்பீக்கர் 15 கிலோ, இரண்டு லைட்டும் கம்பியும் 5 கிலோ, ஆக 20 கிலோ. 180 செ.மீ. உயரத்தில் தள்ளினால் எவ்வளவு போதும்? 20ஐ 30ஆல் பெருக்கி 180ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை கிலோகூட இல்லை! நான் செய்தது போலக் கால்களை மடக்கி 40 செ.மீ. ஆக்கினால் இரண்டேகால் கிலோதான். ஒரு குழந்தை ஓடும் வேகத்தில் வயரை இழுத்தால் அதற்கு மேலேயே இருக்கும்.

ஆகவே இடத்தை எங்கு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், காலில் மட்டும் வேண்டாம். மூன்று கால்களையும் முழுமையாக விரித்து, ஒரு காலை ஆட்கள் அதிகம் நடமாடும் பக்கம் நீட்டி வையுங்கள். 10 கிலோ மணல் பை ஒன்றை ஸ்டாண்டின் அடியில் நடுவில் வரும்படி போட்டால், சாய்க்கத் தேவையான விசை 5 கிலோவாக உயர்ந்துவிடும். காலிப் பையை எடுத்துச் சென்று அங்கேயே மணல் நிரப்பிக்கொள்ளலாம். காரில் இடமே பிடிக்காது.

இதைவிட நல்ல வழி, பேஸ் ஒலிக்கான சப் ஊபர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உண்டு. பல பெட்டிகளின் மேல்புறத்தில் கம்பி செருக ஒரு துளை இருக்கும். அதில் ஸ்பீக்கர் கம்பியைச் செருகி, மேலே ஸ்பீக்கரை வைத்துவிடலாம். ஸ்பீக்கர் கம்பிகள் பெரும்பாலும் 35 மி.மீ. அளவில்தான் வருகின்றன என்றாலும் வாங்கும் முன் பொருத்திப் பாருங்கள். பெட்டி 30 கிலோ, அகலம் 50 செ.மீ. என்றால் அதே கணக்கில் சாய்க்க ஏறக்குறைய 7 கிலோ விசை வேண்டும். தடுக்கி விழ நீட்டிய கால்களும் இல்லை. நாங்கள் இப்போது இதற்குத்தான் மாறியிருக்கிறோம். பெட்டி தூக்கும்போது முதுகு கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான்.

லைட் கம்பியை ஸ்பீக்கருக்குக் கீழே, கம்பியின் இரு பக்கமும் சம எடை வரும்படி முடுக்க வேண்டும். ஒவ்வொரு லைட்டிற்கும் தனியாக ஒரு ஸ்டீல் சேப்டி வயர் கட்டாயம். ஸ்பீக்கர் அதிர அதிர மரைகள் தளர்ந்துவிடும். இடைவேளையில் ஒரு முறை கையால் முடுக்கிப் பாருங்கள்.

அடுத்தது வயர். எல்லா வயர்களையும் கம்பியோடு சேர்த்து வெல்குரோ பட்டையால் கட்டி நேராகக் கீழே இறக்குங்கள். தரையில் டேப் ஒட்டுங்கள். எந்த வயரும் சரிவாகத் தொங்கக் கூடாது. லைட்டுகளுக்கு லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு வயர் போதும். 1986ல் உருவான டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையில் ஒரு லைட்டிலிருந்து அடுத்த லைட்டிற்குச் சங்கிலி போல இணைத்துக்கொண்டே போகலாம். லைட் ஒவ்வொன்றும் 7 சேனல் கொண்டது என்றால் முகவரியை 1, 8, 15, 22 என்று அமைக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் 1 என்றே கொடுத்தால் நான்கும் ஒரே மாதிரி எரியும். புதியவர்களுக்கு இதுவே போதும். யு.எஸ்.பி.யை டி.எம்.எக்ஸ். ஆக மாற்றும் சிறு கருவி ஒன்றும், க்யூ.எல்.சி. பிளஸ் என்ற இலவச சாப்ட்வேரும் தேவை.

இத்தனையும் செய்துவிட்டு, இடம் மிச்சம் என்று லேப்டாப்பைச் சப் ஊபர் பெட்டியின் மேல் வைத்துவிடாதீர்கள். மைக்ரோசாப்ட்டின் ரேமண்ட் சென் 2022ல் ஒரு பழைய சம்பவத்தை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஜேனட் ஜாக்சனின் ரிதம் நேஷன் பாடலை ஓட்டினால் சில லேப்டாப்கள் முடங்கின. பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்கூட முடங்கியதாம்! அவற்றின் 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க் இயல்பாக அதிரும் ஒலி அந்தப் பாடலில் இருந்ததுதான் காரணம். உங்களுடையது எஸ்.எஸ்.டி. என்றால் இந்தப் பயம் இல்லை. ஆனாலும் பேஸ் அடிக்க அடிக்க லேப்டாப் நகர்ந்து நகர்ந்து விளிம்பிற்கு வந்துவிடும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த் இணைப்பு வழியாக வருகிறது. லேப்டாப், மிக்சர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் 1380 வாட் வரைதான் தாங்கும் என்பதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துவார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் ஷார்ட் ஆனால் ஸ்டாண்ட் கம்பி முழுவதும் கரண்ட் பாயும். உடைந்த பிளக் உங்கள் கைக்கு வந்தால், அதை மாற்றிய பிறகு பாட்டைப் போடுங்கள்.