கம்ப்யூட்டரில் உள்ள முத்திரை எதற்கு உத்தரவாதம்?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்குகிறவர்களுக்கு 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை தெரிந்திருக்கும். நூல் அசல் பட்டு என்று அது சொல்லும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. கம்ப்யூட்டர் சாதனங்களில் உள்ள முத்திரைகளும் இப்படித்தான். இது புரியாமல் நான் ஒருமுறை பெரிய தவறு செய்யப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தும் ஒருவர் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கினார். "ஆபீசுக்கும் பம்புக்கும் நடந்து மாளலை தம்பி, இதைப் பம்பு பக்கத்திலேயே மாட்டிக் கொடுத்துடு" என்றார். நானும் சரி என்றேன். அடாப்டரில் ஐ.எஸ். முத்திரை இருக்கிறது, மாட்டப்போகும் பெட்டி ஐ.பி.65 தரம், பிறகென்ன என்று நினைத்தேன். ஒயர் அளக்கக் குனிந்தபோது பம்பின் தகட்டில் 'எக்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி கண்ணில் பட்டது. என் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து விவரம் படித்த பிறகுதான் வியர்த்தது.

நம் சாதனங்களில் உள்ள முத்திரைகள்

லேப்டாப், அடாப்டர், பிரிண்டர் ஆகியவற்றில் ஐ.எஸ். எண்ணும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். 2012-ல் வெளியான அரசாணை இதைக் கட்டாயமாக்கியது. பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்து உண்மையா என்று சரிபார்க்கலாம். சாதாரண வீட்டிலோ ஆபீசிலோ ஷாக் அடிக்காது, தீப்பற்றும் அளவுக்குச் சூடாகாது என்பதற்கான சோதனை இது. ஐ.பி.65 என்றால் தூசியும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது. அவ்வளவுதான். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் வைக்கலாம் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

'எக்ஸ்' வரியை எப்படிப் படிப்பது?

எக்ஸ் என்றால் வெடிக்கும் வாயு உள்ள இடத்துக்காகச் செய்யப்பட்ட சாதனம் என்று பொருள். அடுத்து வரும் சிறிய எழுத்து, பாதுகாப்பு முறையைக் காட்டும். 'டி' என்றால் கனமான பெட்டி. உள்ளே வாயு புகுந்து வெடித்தாலும் பெட்டி தாங்கும். இடுக்கு வழியே வெளியேறும் நெருப்பு குளிர்ந்து, வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது. 'ஐ' என்றால் பொறி வந்தாலும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவு குறைந்த மின்சாரம்.

பிறகு ரோமன் எண் வரும். ஒன்று என்றால் நிலக்கரிச் சுரங்கம். இரண்டு என்றால் மற்ற வாயுக்கள். இதில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். பெட்ரோலும் சமையல் கேஸும் ஏ. எளிதில் பற்றும் ஹைட்ரஜன் சி. சி-க்கு ஏற்ற சாதனம் மற்ற இரண்டுக்கும் பொருந்தும், ஏ-க்கு ஏற்றது சி-க்குப் பொருந்தாது.

அடுத்து பெரிய 'டி'யும் ஒரு எண்ணும். இது சாதனத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதன் உச்சவரம்பு. 1 என்றால் 450 டிகிரி செல்சியஸ், 3 என்றால் 200, 4 என்றால் 135, 6 என்றால் 85. எண் கூடக்கூடப் பாதுகாப்பு அதிகம்.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது. இந்தியாவில் பெட்ரோல் ஆவி இருக்கும் இடங்களில் வைக்கும் மின்சாதனங்களுக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' என்ற மத்திய அரசு அமைப்பின் அனுமதி வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். 2009 அக்டோபர் 29-ல் ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் கசிந்த பெட்ரோல், ஆவியாகப் பரவி வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிர்வாகக் கட்டடத்தில் இருந்த சாதாரண மின்சாதனத்தின் பொறியோ, ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்தபோது எழுந்த பொறியோ காரணமாக இருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

உங்கள் வீட்டில்?

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். நம் சி.பி.யு.வும் ஸ்பைக் பஸ்டரும் பெரும்பாலும் தரையில்தான் கிடக்கின்றன. தறியும் அடுப்பும் ஒரே கூடத்தில் உள்ள வீடுகளில், டிசைன் போட வாங்கிய கம்ப்யூட்டரைச் சிலிண்டர் பக்கம் வைக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யவோ பிளக்கைப் பிடுங்கவோ வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸில் உள்ள ரிலே தானாகவே மாறும், அதிலும் பொறி வரலாம். வெளியே வந்தபின் 1906 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டாமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அந்தப் பங்க் கம்ப்யூட்டர் இன்றும் ஆபீஸ் அறையிலேயே இருக்கிறது. பம்பிலிருந்து கணக்கு தானாக வர வேண்டுமானால் எண்ணெய் நிறுவனத்தின் மூலமே செய்துகொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "நடக்கிறதும் உடம்புக்கு நல்லதுதான் தம்பி" என்கிறார் அவர்.