பிள்ளை ஏன் போனை விடுவதில்லை?

கைத்தொலைபேசி எமது வீடுகளில் பிள்ளையின் கைக்கு எப்படி வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. சீனன்குடாவிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் பல விவசாயக் குடும்பங்கள் கடன்பட்டாவது ஒரு போனை வாங்கிக் கொடுத்தன. படிக்கத்தான் கொடுத்தோம். பாடசாலை திறந்தபின் போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. 2021இல் இரசாயனப் பசளைத் தடை, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து அடி விழ, பெற்றாருக்கு வயிற்றுப்பாட்டைத் தவிர வேறொன்றையும் கவனிக்க நேரமிருக்கவில்லை.

இப்போது பெற்றார் கூடுமிடமெல்லாம் ஒரே முறைப்பாடுதான். "இரவிரவாகப் போனோடு கிடக்கிறான். பறித்தால் சண்டைக்கு வருகிறான்."

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் விளையாடும் பிள்ளை நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. நேரத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, சாப்பாடு, நித்திரை, படிப்பு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டையே வைத்தல், கெடுதி வந்தபின்பும் விடாமை ஆகியவற்றையே பார்க்கிறார்கள். அதுவும் பொதுவாக ஒரு வருட காலம் நீடித்திருக்க வேண்டும்.

இந்த நிலைக்குப் போகும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது தனிமை. ரொபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. சேர்ந்து திரிய ஒரு கூட்டம் இல்லாத தனிமை மற்றது. ஒன்று இருப்பதால் மற்றது தீராது என்றார் அவர்.

இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய சனங்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஏறத்தாழப் பத்து வருடங்கள் இருந்துவிட்டு, 2015இலும் 2016இலும்தான் காணிகளுக்குத் திரும்பினார்கள். இன்று பதினைந்து, பதினாறு வயதான பிள்ளைகளில் சிலர் முகாமிலேயே பிறந்தவர்கள். முன்பு ஒரு வளவைச் சுற்றி மாமி, சின்னம்மா, பெரியப்பா என்று நாலு வீடு இருந்தது. தகப்பன் அடித்தால் பிள்ளை மாமியிடம் ஓடும். பிள்ளை வளர்ப்பில் பாதியை ஊர் செய்தது. அந்த உறவுகள் இன்று திருகோணமலையிலும் தமிழ்நாட்டிலும் கனடாவிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. யுத்தம் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வந்தது இதைத்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தகப்பன் பொழுதுபட யானைக் காவலுக்கு வயல் வாடிக்குப் போய்விடுவார். அம்மம்மா எட்டு மணிக்கே நித்திரை. பையன் தனியே இருக்கிறான். பிரீ பயர் விளையாட்டைத் திறந்தால் நாலு பெடியள் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். "வா மச்சான், நீ இல்லாமல் தொடங்கேல்லை" என்கிறார்கள். அன்று முழுவதும் அவனை யாரும் அப்படி அழைத்திருக்கவில்லை. தாய் எடுக்கும்போது கேட்பவை மூன்று: சாப்பிட்டியா, படிச்சியா, போனை வைச்சியா. அவனும் மூன்றுக்கும் "ஓம்" என்கிறான். விடிய வரும் தகப்பன், பாடசாலைக்குப் போகாமல் கிடப்பவனைக் கண்டு போனை நிலத்தில் அடிக்கிறார்.

தகப்பனின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் உடைந்தது போன் மட்டுமல்ல, அந்த நாலு பேரும்தான். அவன் இரவல் போன் தேடுவான், பொய் சொல்லப் பழகுவான்.

பிள்ளை வளர்ப்பை ஆராய்ந்தவர்கள், 1960களில் டயானா போம்ரின்ட் தொடக்கம், அன்பையும் கண்டிப்பையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: கதைக்கக்கூடிய பெற்றாரின் பிள்ளைகளிடம் கட்டுமீறிய இணையப் பாவனை குறைவு, அன்பில்லாத அதட்டலும், "உன்னாலேதான் நான் இப்படி" என்று குத்திக்காட்டலும் உள்ள வீடுகளில் கூட. அதட்டல் பிள்ளையைத் தனிமையாக்குகிறது, தனிமை போனிடம் அனுப்புகிறது. இரவு முழுவதும் விழித்திருப்பவன் பகலில் கூட்டாளிமாரோடு சேரமாட்டான் என்பதால் தனிமை இன்னும் கூடுகிறது.

பெண்பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முகம் தெரியாத ஒருவன் கனிவாகப் பேசுவான், படம் கேட்பான், பிறகு அதை வைத்தே மிரட்டுவான். ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. "அப்பவே சொன்னேனே" என்று அடி விழும் வீட்டில் பிள்ளை இதைச் சொல்லாது. ஆகவே, ஒன்றும் நடக்காத நாளிலேயே சொல்லி வையுங்கள்: "என்ன நடந்தாலும் என்னட்ட வா, அடிக்கமாட்டேன்."

போனைக் குறைக்கத்தான் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் குசினித் தட்டில் இருக்கட்டும், வீட்டில் நிற்கும் நாட்களில் தகப்பனுடையதும். ஆனால் எடுத்த இடத்தில் வேறொன்றை வையாவிட்டால் அது நிற்காது. பாடசாலை இல்லாத ஒரு நாள் பின்னேரம் பையனை வாடிக்குக் கூட்டிப்போய் இருள முன் திருப்பி அனுப்பலாம். அங்கே புத்திமதி வேண்டாம். அந்த விளையாட்டை எப்படி விளையாடுவது என்று அவனையே கேளுங்கள். வெளிநாட்டிலுள்ள தாய், தான் அன்று என்ன சமைத்தேன், எங்கே கால் வலித்தது என்று தன் கதையைச் சொல்லட்டும். பிள்ளையின் கதை பிறகு தானாக வரும். கிராமத்தில் கரப்பந்து வலையொன்று கட்டினால் அதுவும் இதற்கான வைத்தியமே.

இவற்றையெல்லாம் களைத்துப் போன பெற்றாரிடம் கேட்பது இலேசல்ல என்பது தெரியும். 1990இலும் 2006இலும் ஓடியவர்கள் தங்கள் துயரத்தையே இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆகையால் தனியே சுமக்க வேண்டாம். பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போகலாம். பிள்ளை சாப்பாட்டை விட்டால், பாடசாலையை முற்றாக விட்டால், சாகப்போவதாகச் சொன்னால் தாமதியாமல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். மிரட்டிய செய்திகளை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள்.