உங்களுக்குத் தெரியுமா? நகைக்கடைக் கவிஞரும் லிஸ்பன் குமாஸ்தாவும்

● கரிசல் மண் என்றதும் கி.ரா., பூமணி என்று கதைக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கவிஞரும் உண்டு. சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸும் கடலை மிட்டாயுமாக இருக்கும் ஊர். அங்கே நகைக்கடை நடத்திய ஆறுமுகம்தான் நவீன கவிதை வாசகர்களுக்குத் தேவதச்சன்.

● அவருடைய முதல் தொகுப்பு 'அவரவர் கைமணல்', கவிஞர் ஆனந்துடன் சேர்ந்து போட்டது. ஆண்டு 1982.

● அதே 1982-இல் போர்ச்சுகலில் 'அமைதியின்மையின் புத்தகம்' வெளியானது. எழுதிய ஃபெர்னாண்டோ பெஸ்ஸோவா இறந்து அப்போது 47 வருஷம்! உயிரோடு இருந்தபோது தாய்மொழியில் அவர் கண்ட கவிதை நூல் 1934-இல் வந்த 'மென்சாஜெம்' ஒன்றுதான். மிச்சத்தில் பெரும்பகுதி ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது, 25,000-க்கும் மேற்பட்ட தாள்களாக.

● பெஸ்ஸோவாவின் பிழைப்பு, லிஸ்பன் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வியாபாரக் கடிதம் எழுதித் தருவது. 'அமைதியின்மை'யில் பேசுகிறவரும் ஜவுளிக் கம்பெனியில் பேரேடு எழுதும் உதவிக் கணக்கர். வத்தல், பருப்பு விலை பேசும் விருதுநகர் மண்டியில் உட்கார்ந்து படித்தால் அந்நியமாகவே தோன்றாது.

● நம்மவர்கள் புனைபெயர் வைப்பார்கள். பெஸ்ஸோவா ஆட்களையே உண்டாக்கினார். ரிக்கார்டோ ரெய்ஸ் டாக்டர். ஆல்வரோ தெ காம்போஸ் கிளாஸ்கோவில் படித்த கப்பல் இன்ஜினீயர். இவர்களுக்கெல்லாம் குரு, அதிகம் படிக்காத ஆல்பெர்த்தோ கயெய்ரோ. ஆளுக்கொரு பிறப்பு, ஆளுக்கொரு நடை. போதாக்குறைக்கு ஒருவர் கவிதையை இன்னொருவர் விமர்சிப்பார்!

● பெஸ்ஸோவா வளர்ந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 1896 முதல் 1905 வரை. கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் நம் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே நேட்டால். காந்தி அங்கே வக்கீலாக இருந்த காலமும் அதுதான். பின்னாளில் காந்தியை வியந்து பெஸ்ஸோவா எழுதிய குறிப்பும் உண்டு.

● மறுபடி கோவில்பட்டி. கோணங்கி, ச.தமிழ்ச்செல்வன், சமயவேல் என இளைஞர் கூட்டம் தேவதச்சனைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே எழுத்தாளர் ஆனது. விருதுநகர்ப் பக்கம் மல்லாங்கிணற்றிலிருந்து வந்து சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் 2018-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். தேவதச்சனுக்கு 2015-இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், அந்தப் பேச்சுக்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

● தேவதச்சனை இதுவரை படித்ததில்லையா? 'கடைசி டினோசார்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.