விதியும் தரமும்

ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பது நெடுங்கால வழக்கம். 1965-இல் மலேசியா தர ரப்பர்த் திட்டத்தை வகுத்து, ஆய்வுக்கூடச் சோதனையை அளவுகோலாக்கியது. அத்திட்டத்தில் 5 என்னும் எண், ரப்பரில் அழுக்கு 0.05 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பதைக் குறித்தது.

இதனால் விளைந்த மாறுதல் யாது? "நல்ல ரப்பர் செய்வோம்" என்ற பொதுவான எண்ணம், அளந்தறியக்கூடிய குறிக்கோளாயிற்று. குறிக்கோள் தெளியவே, செய்யவேண்டிய ஏற்பாடுகளும் தெளிவாயின: மங்கைத் துடைத்தல், பாலை வடிகட்டுதல், கட்டிப்பாலில் மரப்பட்டை சேராது காத்தல், ஆலையில் நன்கு கழுவுதல்.

இறுதிச் சோதனை அழுக்கைக் காட்டுமேயன்றி அகற்றாது. தரம் தாழ்ந்தால் விலையும் தாழும். பலருடைய உழைப்பின் பயன் குறையும். ஆதலின், அந்த எண்ணின் பொருளை மரம் சீவுவோருக்கும் முன்கூட்டியே விளக்குதல் நிர்வாகத்தின் கடமையாகும். அலுவலகக் கோப்பில் உறங்கும் விதி தரத்தை வளர்க்காது.