மூடாத துளை

1822 ஜூன் 6. வட அமெரிக்காவின் மாக்கினா தீவில், மென்மயிர்த் தோல் வாங்கி விற்கும் கடையொன்றில் துப்பாக்கி தவறி வெடித்து, அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற படகோட்டியின் இடது விலாவைப் பிளந்தது. பிழைக்கமாட்டார் என்றே ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் நினைத்தார். பிழைத்தார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை.

இரைப்பை உணவை அரைக்கிறதா, அழுகவைக்கிறதா என்று வாதம் நடந்த காலம் அது. 1825 ஆகஸ்ட் 1 நண்பகலில் இறைச்சி, ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி, துளை வழியே உள்ளே இறக்கினார் போமாண்ட். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி போட்டபடியே இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வேகவைத்த மாட்டிறைச்சியும் நூலிலிருந்து காணாமல் போயிருந்தது. பின்னாளில் இரைப்பை நீரை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடற்சூட்டில் வைத்தார். அதிலும் இறைச்சி கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

1833இல் வெளியான நூல் போமாண்டுக்குப் புகழ் தந்தது. வயிற்றைக் கொடுத்தவரோ அவர் வீட்டில் விறகு வெட்டினார். 1880இல் மார்ட்டின் இறந்ததும், மருத்துவர்கள் கைக்கு உடல் போய்விடக் கூடாதென்று குடும்பத்தார் அதை அழுகவிட்டு, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.