தொலைக் கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளில் பிழை காணுதல்

ஓரிடத்தில் இருந்துகொண்டே வேறோரிடத்துக் கணிப்பொறியை இயக்குவது இக்காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. இதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த தொகுப்பு ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும். கட்டளைகளை வழியில் பிறர் அறியாவண்ணம் கொண்டு சேர்க்கும் ‘எஸ்எஸ்ஹெச்’ முறையை, 1995-இல் பின்லாந்து நாட்டவரான டாட்டு யுலோனென் அமைத்தார்.

கண்ணெதிரே இல்லாத பொறிக்கு இடும் கட்டளையில் சிறு பிழையும் பெருநஷ்டம் விளைவிக்கும். 1988-இல் செவ்வாயை நோக்கிச் சென்ற சோவியத் விண்கலமாகிய போபோஸ்-1க்கு அனுப்பிய கட்டளைத் தொடரில் ஒரே ஒரு குறி விடுபட்டது. அதன் விளைவாகக் கலத்தை நிலைநிறுத்தும் அமைப்பு நின்றது, ஒளித்தகடுகள் சூரியனை விட்டு விலகின, மின்கலங்கள் வற்றின, கலம் மீளவில்லை.

நிலத்திலுள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலும் நேரும் பிழைகள் நான்கு.

முதலாவது, மேற்கோள் குறி பற்றியது. இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய மாறியின் மதிப்பை, கட்டளை புறப்படுமுன் நம் கணிப்பொறியே நிரப்பிவிடுகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் அது தொலைவில்தான் நிரப்பப்படும். கோப்புகளை அழிக்கும் கட்டளையில் இவ்வேற்றுமையை மறந்தால் வேறு கோப்புகள் அழியக்கூடும்.

இரண்டாவது, பாதை பற்றியது. நேரில் அமர்ந்து இடும்போது இயங்கும் கட்டளை, ஸ்கிரிப்ட் வாயிலாக இடும்போது ‘காணப்படவில்லை’ என்று திரும்பலாம். தொடக்க அமைப்புகள் சில அப்போது படிக்கப்படாமையே காரணம். நிரலின் முழுப் பாதையையும் எழுதுதல் பரிகாரமாகும்.

மூன்றாவது பிழை ஓசையின்றி நிகழ்வது. இருபது நிலையங்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கட்டளை அனுப்புவதாகக் கொள்வோம். முதல் நிலையத்துடன் பேசும் எஸ்எஸ்ஹெச், பட்டியலின் எஞ்சிய வரிகளையும் தனக்கு வந்த உள்ளீடாகக் கருதி விழுங்கிவிடும். ஒரு நிலையத்தில் மட்டுமே வேலை நடந்திருக்க, இருபதிலும் நடந்ததாக அலுவலர் நம்பியிருப்பார். எஸ்எஸ்ஹெச்சுடன் ‘-என்’ என்னும் குறியைச் சிறிய எழுத்தில் சேர்த்தால் இது நேராது.

நான்காவது, முடிவைச் சோதியாமை. கட்டளை முடிந்ததும் ஓர் எண் திரும்பி வரும். பூஜ்யம் வெற்றியைக் குறிக்கும். 255 பெரும்பாலும் இணைப்பே கிட்டவில்லை என்பதைக் காட்டும். பிற எண்கள் தொலைவில் இயங்கிய கட்டளையின் தோல்வியாகும். எனவே, பிழை வழியிலா, முனையிலா என்பதை இவ்வெண்ணைக் கொண்டே முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

முன்சோதனையின் அருமைக்கு மங்கள்யான் தக்க சான்று. செவ்வாயின் சுற்றுப்பாதையில் அது புகுந்தபோது வானொலி அலை ஒருவழி செல்லவே ஏறத்தாழ 12 நிமிஷங்கள் பிடித்தன. ஆகவே கட்டளைகள் முன்கூட்டியே கலத்தில் ஏற்றப்பட்டன. பல மாதங்கள் ஓய்ந்திருந்த முதன்மை எஞ்சின் 2014 செப்டம்பர் 22-இல் ஏறத்தாழ 4 விநாடிகள் இயக்கிப் பார்க்கப்பட்டது. 24-இல் கலம் சுற்றுப்பாதையை அடைந்தது.

அலுவலர்களும் இம்முறையையே கைக்கொள்ளலாம். தீங்கற்ற கட்டளை ஒன்றை ஒரே கணிப்பொறிக்கு முதலில் அனுப்பி, திரும்பி வரும் எண்ணைக் குறித்துக்கொண்ட பின்னரே பட்டியல் முழுவதற்கும் அனுப்புதல் நலம்.