அரிசி இருக்கிறது, பருப்புக்கு என்ன வழி?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அடுப்படியில் நிற்கும்போது வருகிற கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். கையில் இருக்கிற காசில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலை ரேஷன் கடை சொல்லிவிடுகிறது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சோறும் ரசமும், சோறும் ஊறுகாயுமாக ஓடுகிற வீட்டைப் பாருங்கள். மதியம் ஒரு மணிக்குத் தட்டு நிறையச் சாப்பிட்ட பிள்ளை, நான்கு மணிக்கெல்லாம் “பசிக்குது” என்று வந்து நிற்கும். பிஸ்கட் பாக்கெட்டும் சிப்ஸும் அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் வருகின்றன. அரிசியில் மிச்சமான காசு அதில் கரைந்துவிடுகிறது.

இது பிள்ளையின் தவறு இல்லை. சோற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் செரித்துவிடும். புரதமும் நார்ச்சத்தும் கூடச் சேர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசி தாங்கும். 100 கிராம் அரிசியில் புரதம் 7, 8 கிராம்தான். அதே அளவு துவரம்பருப்பிலும் கொள்ளிலும் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பருப்பில் அதிகம். மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் பருப்பில் குறைவு, அரிசியில் அதைவிடப் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

சரி, எவ்வளவு பருப்பு வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகள் என்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 கிராம். நான்கு பேர் வீட்டில் தலைக்கு 8 கிராம். எட்டிலிருந்து எண்பத்தைந்துக்கு ஒரே மாதத்தில் தாவ முடியாது. நாற்பதுக்கு வந்தாலே வீட்டில் வித்தியாசம் தெரியும். முட்டை, மீன் சாப்பிடுகிற வீடுகளில் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

பருப்பு என்றதும் சாம்பார் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் கணக்கு இடிக்கிறது. மூன்று வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் சுமை தெரியாது. என்னைக் கேட்டால் முதலில் அடையைச் சொல்வேன். ரேஷன் புழுங்கல் அரிசி இரண்டு பங்கு, கிடைக்கிற பருப்பெல்லாம் கலந்து ஒரு பங்கு. ஊறவைத்து, மிளகாய் சீரகத்தோடு கொரகொரப்பாக அரைத்தால் போதும், புளிக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் சேர்த்தால், இரண்டு அடையில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். கொங்குப் பக்கத்து அரிசி பருப்புச் சாதமும் இதே கணக்குத்தான். ஒரே குக்கரில் ஆகிவிடும், தனியாகக் குழம்பு வேண்டாம்.

அடுத்தது கொள்ளு. ராத்திரியே ஊறவைத்து, காலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளில் பாதியைத் தாளித்தால் நான்கு மணிக்குச் சுண்டல், மீதியைக் கடைந்தால் சோற்றுக்குக் கடையல். ஒரு முறை அடுப்பை ஏற்றியதில் மூன்று பண்டம். தட்டைப்பயறும் பச்சைப்பயறும் இப்படி வளைந்துகொடுக்கும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற நாட்களில் பாதியை வேர்க்கடலை, பொட்டுக்கடலைச் சட்னியாக மாற்றுங்கள். தேங்காயில் புரதம் மிகக் குறைவு, கடலையில் நிறைய.

கேஸ் செலவையும் மறக்கக் கூடாது. ஊறவைத்த பயறு சீக்கிரம் வெந்துவிடும், ஊறவைக்க ஒரு பைசா செலவில்லை. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். பெரிய தீயில் வைத்தால் ஆவிதான் வீணாகும்.

ரேஷன் அரிசி கழுவும்போது சில மணிகள் நிறம் மாறி, தண்ணீரில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து மணியாகச் செய்து, 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் சேர்த்தது. எறிந்தால் நஷ்டம் நமக்குத்தான். அரிசியைப் பலமுறை அலசாதீர்கள். சோறு வடிக்கிற வீட்டில் கஞ்சியைக் கீழே ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உதவும். டீ அதைத் தடுக்கும். அதனால் நாம் இப்போது குடிக்கிற இந்த டீயைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளாமல், ஒரு மணி நேரம் தள்ளியே குடிப்பது நல்லது.

கடைசியாக ஒன்று, எனக்கு முக்கியமானது. பருப்பைத் தலைக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டோம். பல வீடுகளில் அந்தத் தலைகளில் ஒன்று கணக்கிலேயே வருவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற அம்மாவுக்குச் சோறு மிஞ்சும், ரசம் மிஞ்சும். பருப்பும் முட்டையும் மிஞ்சாது. ரத்தசோகை நம் பெண்களிடம் இவ்வளவு பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் பரிமாறும் முன்பே, சமைத்தவருடைய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். அதை எடுத்து வைக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். சமைத்தவர் தானாக எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்.